மூணு தடவை துடைக்கணும்

'மீதமுள்ள நேரம்: ஆறு மணி நாற்பது நிமிடம்' என்று திரை சொன்னது.

ரிப்போர்ட் சார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். இப்போது ஆறு மணி நாற்பத்தொரு நிமிடம். தான் கண்ணாடி துடைத்த நேரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டிவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

இது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு. மேஜையில் இன்னும் பத்து டிஸ்க் சின்னச் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன. மணி காலை பத்தே கால். நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டர் வந்து உட்காருவதற்குள் பதினொன்றும் ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அழிந்தாக வேண்டும். மனக்கணக்கு தெரியாதவராக இருந்தால் கொஞ்ச நேரமாவது நிம்மதியாக இருந்திருப்பார். அவருக்கு வரும். எழுபத்து மூன்று மணி நேரம் இருபது நிமிடம் என்று உடனே வந்துவிட்டது.

அவர் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பத்தொன்பது வருஷமாக ரிப்போர்ட் அடிக்கிறவர். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று ஊரில் பாதிப் பேருடைய உள்விவகாரம் அவர் விரல் வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை ரேஷன் அட்டை மாதிரி வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டார். லேபில் டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ரிப்போர்ட் சார்தான்.

வம்பு அன்று காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. லேபுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து ஒரு வாரமாகியிருந்தது. பழையவற்றைப் பிரித்து, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்குகளை மட்டும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, சர்வீஸ்காரர் டாக்டர் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டா போதும்ல?" என்று கேட்டார் டாக்டர்.

"டெலிட்டா?" சர்வீஸ்காரர் சிரித்தார். "டெலிட் பண்றதுங்கறது நாம கண்ணை மூடிக்கற மாதிரி, டாக்டர். பொருள் அங்கேயேதான் கிடக்கும். பத்து வருஷத்துக்கு முன்னாடி டெலிட் பண்ணினதைக்கூட தோண்டி எடுத்துடலாம். பேஷன்ட்டுங்க விவரம் வெளியே போகக் கூடாதுன்னா, மேல வேற எதையாவது எழுதி, அது மேல எழுதி, மறுபடியும் எழுதி, மூணு தடவை துடைக்கணும்."

மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த ரிப்போர்ட் சார் அந்த 'பத்து வருஷத்துக்கு முன்னாடி'யைக் கேட்டதும் பெட்டியைத் தன் பக்கமாக ஒரு அங்குலம் நகர்த்திக்கொண்டார்.

டாக்டருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "தோண்டி எடுக்கலாமா? அப்போ என் போட்டோ?"

எந்தப் போட்டோ என்று யாரும் கேட்கவில்லை. லேபில் எல்லோருக்கும் அது மனப்பாடம். லேப் திறப்பு விழாவன்று எடுத்தது. "எங்கப்பா நான் சொன்ன ஜோக்குக்கு வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவைதான் சிரிச்சாரு. அன்னிக்குத்தான். இதுல ஏதோ ஒரு மெஷின்லதான் அந்தப் படத்தைப் போட்டாங்க. அப்புறம் யாரோ அழிச்சுட்டாங்க" என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நானே உட்காரறேன். ஒவ்வொண்ணா தோண்டிப் பார்த்துட்டு அப்புறம் அழிப்போம்."

"நீங்க எதுக்கு டாக்டர் சிரமப்பட்டுக்கிட்டு? நான் பார்த்துக்கறேனே" என்றார் ரிப்போர்ட் சார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"எந்த டிஸ்க்கு எந்த மெஷின்னு பிரிச்சு மட்டும் வைங்க. போதும்." டாக்டர் பெட்டியைத் தட்டினார். "இத்தனை ஹார்ட் இருக்கு. ஒண்ணுக்காவது ஈசிஜி எடுத்திருக்கோமா?"

சர்வீஸ்காரர் மரியாதைக்குச் சிரித்தார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. ரிப்போர்ட் சார் முகத்தையே இரண்டு விநாடி பார்த்தார். ரிப்போர்ட் சாரின் முகம் அப்போது சிரிக்கிற நிலைமையில் இல்லை.

பெட்டியோடும், சர்வீஸ்காரர் கொடுத்த பென் டிரைவோடும் ரெக்கார்டு ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். பென் டிரைவில் இரண்டு புரோகிராம் இருந்தன. ஒன்று தோண்டுவதற்கு, இன்னொன்று துடைப்பதற்கு. ரிப்போர்ட் சார் யோசிக்காமல் துடைப்பதை ஓடவிட்டார். 'பிரிச்சு வைங்க'ன்னீங்களா? எனக்கு 'அழிச்சு வைங்க'ன்னுல்ல விழுந்துச்சு என்று நாளைக்குச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது யோசனை. அப்போதுதான் திரை அந்த ஆறு மணி நாற்பது நிமிடத்தைக் காட்டியது.

விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கோபம் தலைக்கேறி, அவர் ஒரு ராஜினாமா கடிதம் அடித்தார். ராஜினாமா என்பது கடைசி வரியில்தான் வரும். அதற்கு மேலே இருந்ததெல்லாம் டாக்டரைப் பற்றி, நம்பர் போட்டு, ஒன்பது பாயிண்ட். அடித்து முடித்து பிரிண்ட் கொடுத்தார். வராந்தாவில் இருந்த பிரிண்டர் ஒரு முனகல் முனகிவிட்டு, தாள் இல்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டியது. ஸ்டோர் ரூம் பூட்டியிருந்தது. சரி, நாளைக்குக் கொடுப்போம் என்று வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், தூங்கினார். தூங்கி எழுந்ததும் கோபத்தைக் காணோம். மறுநாள் காலை அரை மணி தாமதமாக வந்து, முதல் வேலையாக அந்தக் கடிதத்தை டெலிட் பண்ணினார். அத்தோடு தீர்ந்தது என்று ஏழு வருஷம் நிம்மதியாக இருந்தார்.

அன்றைக்கு உட்கார்ந்து அடித்தது சாம்பிள் கவுண்டர் மெஷினில். ஆனால் அந்த லேபில் கம்ப்யூட்டர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இடம் மாறும். இந்தப் பதினொன்றில் எது என்பது யாருக்கும் தெரியாது.

டாக்டர் பழைய மாதிரியே இருந்தால்கூடப் பரவாயில்லை, போடா என்று போய்விடலாம். இப்போது மனுஷன் தங்கம். காலையில் எல்லோருக்கும் முதலில் வணக்கம் சொல்கிறவர் அவர்தான். லீவு கேட்டால் ஏன் என்று கேட்பதில்லை. வாக்கிங் போக ஆரம்பித்ததால் வந்த குணம் என்றார் டெக்னீஷியன். வாக்கிங் இல்லை, வயசு என்றார் ரிசப்ஷன் அம்மா. எப்படியோ, அந்தத் தங்கமான மனுஷன் வருகிற திங்கட்கிழமை புதுக் கிளை திறக்கிறார். அதற்குப் பொறுப்பாளர் ரிப்போர்ட் சார். அவர் மனைவி இந்தச் செய்தியைச் சொந்தக்காரர்களில் ஒருத்தரையும் விட்டுவைக்காமல் சொல்லிவிட்டாள்.

அவளுக்குத்தான் இப்போது போன் போட்டார்.

"எழுதினதே எனக்குத் தெரியாதே! ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்ற மாதிரியா இருந்துச்சு? இப்ப அழிக்க வழி சொல்லு."

"காந்தம் வெச்சா எல்லாம் அழிஞ்சுடுமாமே. எங்க அண்ணன் சொல்லியிருக்கான்."

"உங்க அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"லெட்டர் எழுதி மாட்டிக்காத அளவுக்குத் தெரியும்."

அதற்கு மேல் பேசி என்ன பிரயோஜனம்? ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்திவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போனார். அங்கே ஃப்ரிட்ஜ் கதவில் லிஸ்ட்டையும் நோட்டீஸையும் பிடித்துக்கொண்டிருந்த நாலு காந்தத்தையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். ஒவ்வொரு டிஸ்க்கையும் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தார். ஒன்றை மாட்டிப் பார்த்தார். போன வருஷத்து மூத்திரப் பரிசோதனை ரிப்போர்ட் பளிச்சென்று வந்தது. ஒரு புள்ளிகூட அழிந்திருக்கவில்லை.

கை கழுவிவிட்டு வரலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, கதவைத் திறக்கிற கார்டைத் தேய்த்தால் சிவப்பு விளக்கு. மறுபடி தேய்த்தார். மறுபடி சிவப்பு. காந்தம் இருந்த அதே பையில்தான் கார்டும் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அழிய வேண்டியது அழியவில்லை, அழியக் கூடாதது அழிந்துவிட்டது. போன், பென் டிரைவ், பதினோரு டிஸ்க் எல்லாம் உள்ளே. இவர் மட்டும் வெளியே.

கதவை முறைத்துக்கொண்டு நின்றபோது பின்னால் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் நாலைந்து தாள்கள்.

"ரிப்போர்ட், ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த டியூட்டி லிஸ்ட்டெல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கு. கீழே கிடந்துச்சாம். நம்ம அக்கா வேலை."

அக்கா என்றால் லேபைக் கூட்டித் துடைக்கிறவர். டாக்டரைவிட வயதில் சின்னவர்தான், இருந்தாலும் டாக்டருக்கும் அவர் அக்கா. அக்காவிடம் இரண்டு கொள்கைகள் உண்டு. கண்ணில் படுகிற எதையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட வேண்டும். எழுத்து இருக்கிற எந்தத் தாளையும் குப்பையில் போடக் கூடாது. "ரிப்போர்ட்டா இருந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் வைத்துவிடுவார். ஒரு தடவை ரிப்போர்ட் சார் கசக்கிப் போட்ட மளிகை லிஸ்ட்டைக்கூட டாக்டர் நீவிக் கொடுத்து, "புளி வாங்க மறந்துடாதீங்க" என்றிருக்கிறார்.

"கார்டு வேலை செய்யலை, டாக்டர்."

டாக்டர் தன் கார்டைத் தேய்த்துக் கதவைத் திறந்துவிட்டார். ரிப்போர்ட் சாரின் நெற்றியைப் பார்த்தார். "இது ரத்தம் எடுக்கற இடம். நீங்க என்ன, வேர்வை குடுத்துக்கிட்டு நிக்கறீங்க?"

இரண்டு விநாடி முகத்தையே பார்த்தார். ரிப்போர்ட் சார் உதட்டை மட்டும் இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினார். டாக்டர் 'ம்ஹும்' என்று தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

இனிமேல் கதவைச் சாத்தினால் திறக்க ஆளைத் தேட வேண்டும். ரிப்போர்ட் சார் குப்பைக்கூடையை வாசலில் அண்டக்கொடுத்துவிட்டு உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக நிதானமாக யோசித்தார். பதினொன்றையும் எதற்காக அழிக்க வேண்டும்? எதில் கடிதம் இருக்கிறதோ அதை மட்டும் அழித்தால் போதுமே! தோண்டுகிற புரோகிராம்தான் கையில் இருக்கிறதே. இந்தப் புத்தி முதலிலேயே வந்திருந்தால் கார்டாவது மிஞ்சியிருக்கும்.

ஒவ்வொரு டிஸ்க்காக மாட்டித் தோண்டினார். இல்லை என்றால் மார்க்கர் பேனாவால் அதன் முதுகில் ஒரு வட்டம். ஒன்றுக்கு இருபது நிமிடம் ஆனது. ஆறு வட்டம் போட்டார். ஏழாவதில், மணி ஒன்றாகும்போது, அது வந்தது.

'கொடுங்கோல் மன்னர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது.

'ஒன்று. எனக்குத் தந்திருக்கும் நாற்காலிக்கு மூன்று கால்தான். நாலாவது காலாக என் காலைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஆள் இருப்பது தெரிய நான் பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மூன்று. காலையில் நாங்கள் வணக்கம் சொன்னால் சுவரைப் பார்த்துத் தலையாட்டுகிறீர்கள். சுவர் பதில் வணக்கம் சொல்வதில்லை...' இப்படியே போயிற்று. லீவு கேட்டால் குறுக்கு விசாரணை என்பது ஐந்து. பிரிண்டரில் தாள் இருப்பதே இல்லை என்பது எட்டு. 'ஒன்பது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் ஜோக்குகளைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுக்காவது எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஆகவே ராஜினாமா செய்கிறேன். இப்படிக்கு, மூன்று கால் நாற்காலிக்காரன்.'

படித்து முடித்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. இதெல்லாம் எந்தக் காலத்துச் சங்கதி! ஜோக் ஒன்றைத் தவிர.

தோண்டி எடுத்த பட்டியலில் அடுத்த வரியில் ஒரு படம் இருந்தது. அழுத்தினார். திறப்பு விழா ரிப்பன், மாலை, கூட்டம். நடுவில் டாக்டரின் அப்பா, எப்போதும் தபால்தலை மாதிரி இறுக்கமாக இருக்கிறவர், வாயைத் திறந்து, கண்ணை மூடி, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இளைஞரான டாக்டர், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் முடியெல்லாம் கறுப்பாக ஒரு ஒல்லி ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். ரிப்போர்ட் சார் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு குனிந்து பார்த்தார். அது அவரேதான்.

என்ன ஜோக் அது? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஆனால் சிரித்திருக்கிறார். மறுக்க முடியாதபடி படம் இருக்கிறது.

மனசு லேசாகிவிட்டது. போட்டோவை மட்டும் தனியாக எடுத்து டாக்டருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் இந்த ஒரு டிஸ்க்கைத் துடைத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். டிஸ்க்கைக் கழற்றி முதுகில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். போட்டோவை எப்படிப் பிரித்து எடுப்பது என்று கேட்க சர்வீஸ்காரருக்கு போன் போட்டார். அக்கா துணியும் ஸ்பிரிட் பாட்டிலுமாக உள்ளே வந்து ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சர்வீஸ்காரர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். ரிப்போர்ட் சாரால் இவ்வளவுதான் பேச முடிந்தது:

"ஆமாங்க, பதினொண்ணு... தெரியும், மூணு தடவை துடைக்கணும்... ஒரு பொட்டு மிஞ்சக் கூடாது, புரியுது... யார் துடைக்கறதா? நான் ஒருத்தன்தாங்க. காலையிலேருந்து சாப்பிடக்கூட இல்லை... சரி, அப்புறம் பேசறேன்."

அந்த நேரம் பார்த்து ரிசப்ஷன் அம்மா வாசலில் வந்து நின்றார். "சார், ஒரு ஆம்பளைக்குக் கர்ப்பம்னு ரிப்போர்ட் போயிருக்கு. அவரு ஒய்ஃபோட வந்து நிக்கறாரு. உடனே வாங்க."

போய், மன்னிப்புக் கேட்டு, புது ரிப்போர்ட் அடித்துக் கொடுத்து, அந்த மனைவியை நம்பவைத்துவிட்டு வர முக்கால் மணி நேரமாயிற்று. திரும்பி வந்தபோது அக்கா இடுப்பில் கைவைத்துப் பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"பாவம், நீங்க ஒருத்தரே கஷ்டப்படறீங்களேன்னு நானே முடிச்சுட்டேன் சார்."

"என்னத்தைங்க அக்கா?"

"பதினொண்ணையும் துடைச்சுட்டேன். மூணு தடவை. ஸ்பிரிட் போட்டு. பேனாவுல யாரோ வட்டமும் கோடுமா கிறுக்கி வெச்சிருந்தாங்க. ஒரு பொட்டு மிஞ்சலை, பாருங்க."

பார்த்தார். பதினோரு டிஸ்க்கும் கண்ணாடி மாதிரி பளபளத்தன. வட்டம் இல்லை, பெருக்கல் இல்லை, கம்பெனிக்காரன் ஒட்டிய சீட்டுகூட இல்லை. போதாதற்கு மொத்தத்தையும் புதிதாக அழகாக அடுக்கியிருந்தார்.

"சரியாப் பண்ணியிருக்கேனா சார்?"

அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? "பிரமாதம் அக்கா" என்றார் ரிப்போர்ட் சார். 

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மாட்டினார், தோண்டினார், கழற்றினார். இந்தத் தடவை வட்டம் போடவில்லை. பார்த்ததை மேஜைக்கு அடியில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். வராந்தாவில் அலமாரி மாட்ட வந்திருந்த கார்பென்டர் டிரில் மெஷினால் சுவரைக் குடைந்துகொண்டிருந்தார். அது தன் மண்டையையே குடைவது போலிருந்தது. மணி நாலு அடிக்கும்போது, ஐந்தாவது டிஸ்க்கில், 'கொடுங்கோல் மன்னர் அவர்களுக்கு' என்று திரையில் பெரிதாக வந்தது.

"என்ன ரிப்போர்ட், ரொம்ப சுவாரசியமா படிச்சுக்கிட்டிருக்கீங்க?"

டிரில் சத்தத்தில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. குப்பைக்கூடை அண்டக்கொடுத்த கதவுக்குக் கார்டும் தேவைப்படவில்லை. டாக்டர் தோளுக்குப் பின்னால் நின்று, மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அது மூக்குக்கு வந்து சேர்வதற்குள் ரிப்போர்ட் சார் வயரைப் பிடித்து ஒரே இழு இழுத்தார். திரை கறுத்தது. வயரோடு கூடவே டிஸ்க்கும் வந்தது, மேஜை விளிம்பில் ஒரு தடவை குதித்தது, தரையில் டணாரென்று விழுந்தது.

எடுத்து மாட்டினால் 'க்ளிக், க்ளிக்' என்று உச்சுக்கொட்டியது. வேறொன்றும் வரவில்லை.

டாக்டர் சர்வீஸ்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சர்வீஸ்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அது செத்துடுச்சு டாக்டர். ரொம்ப முக்கியமான டிஸ்க்குன்னா சொல்லுங்க, இதுக்குன்னே ஒரு இடம் இருக்கு. அங்க அனுப்பினா பிரிச்சு மேய்ஞ்சு ஒரு எழுத்து விடாம எடுத்துக் குடுத்துடுவாங்க. முக்கியம் இல்லைன்னா ரெண்டு ஓட்டை போட்டுட்டுத் தூக்கிப் போட்டுடுங்க" என்றார்.

"இதுல முக்கியமா எதாவது இருந்துச்சா ரிப்போர்ட்?" என்று கேட்டார் டாக்டர்.

"தெ... தெரியலை டாக்டர்."

"அப்போ போகட்டும், விடுங்க. கார்பென்டர்கிட்ட குடுத்து ஓட்டை போட்டுடுங்க. மீதி பத்து இருக்கே, நாளைக்கு அதுல தேடுவோம்." வாசல்வரை போனவர் திரும்பினார். "விழுந்து விழுந்து சிரிக்கறதைக் கேள்விப்பட்டிருக்கேன். விழுந்து விழுந்து அழியறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

இரண்டு விநாடி. 'ம்ஹும்.' போய்விட்டார்.

ரிப்போர்ட் சாருக்கு நம்ப முடியவில்லை. காலையிலிருந்து நாய்படாத பாடு பட்டும் நடக்காதது இப்போது டாக்டர் உத்தரவாகவே வந்துவிட்டது! ஒரே ஒரு ஓட்டை. கடிதம் ஒழிந்தது, திங்கட்கிழமை புதுக் கிளை, புதுச் சட்டை. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்.

"இதுல ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க. நடுவுல."

"குடுங்க சார், அரை நிமிஷ வேலை." கார்பென்டர் டிஸ்க்கைப் பலகை மேல் வைத்து, டிரில்லை அழுத்தினார். அது உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. முனை இறங்கிக்கொண்டே வந்தது.

பலகை மேல் கிடந்த அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்பது இந்த உலகத்தில் ரிப்போர்ட் சார் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவரைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையின் முகமும் இவருக்குத்தான் தெரியும். நாளைக்கு அந்த மனுஷன் மீதி பத்தையும் ஒவ்வொன்றாக மாட்டி, இல்லை, இல்லை என்று தேடிக்கொண்டிருப்பார். இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நினைக்கவே முடியவில்லை.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"என்ன சார்?" டிரில் ஒரு விரற்கடை மேலே நின்றது.

"இதுல ஆள் இருக்காரு."

கார்பென்டர் டிஸ்க்கைப் பார்த்தார், ரிப்போர்ட் சாரைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டிஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனார். புதுக் கிளை போனால் போகிறது. உள்ளதைச் சொல்லிவிட்டு, அந்த இடத்துக்கே அனுப்பி எடுக்கச் சொல்ல வேண்டியதுதான். அப்புறம் ஒரு எழுத்து விடாமல் வரட்டும். மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்பதை வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்துக்கொள்ளலாம்.

அறையில் டாக்டர் இல்லை. அக்கா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கீழே போயிருக்காரு சார், இப்ப வந்துடுவாரு. ஏன் இப்படி வேர்த்து ஊத்துது? உட்காருங்க முதல்ல."

ரிப்போர்ட் சார் உட்கார்ந்தார். டாக்டரிடம் சொல்வதற்கு ஒரு ஒத்திகையாக இருக்கட்டும் என்றோ என்னவோ, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அக்கா, இதுல டாக்டரோட அப்பா போட்டோ இருக்கு. கூடவே நான் எழுதின ஒரு லெட்டரும் இருக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி, புத்தி கெட்டுப் போய் எழுதினது. நல்லவேளை, அன்னிக்குப் பிரிண்டர்ல தாள் இல்லை. இப்ப அதைப் படிச்சாருன்னா மனுஷன் இனிமே என் முகத்துலயே முழிக்க மாட்டாரு."

அக்கா துணியை நிறுத்தி யோசித்தார்.

"'கொடுங்கோல் மன்னர் அவர்களுக்கு'ன்னு ஆரம்பிக்குமே, அதுவா?"

ரிப்போர்ட் சார் திருதிருவென்று விழித்தார். "உங்களுக்கு எப்படி..."

"மறுநாள் காலையில பிரிண்டர்ல தாள் போட்டதே நான்தானே? போட்டதும் அது பாட்டுக்குக் கரகரன்னு வந்துச்சு. எழுத்து இருக்கற தாளாச்சே, வழக்கம்போல டாக்டர் மேஜையில வெச்சுட்டேன்."

சொல்லிக்கொண்டே அக்கா மேஜையின் மேல் டிராயரை இழுத்து, உள்ளே ஒரு துடை துடைத்தார்.

"இதோ, இங்கேதான் வெச்சிருக்காரு. எட்டு பாயிண்ட்டுக்கு டிக் போட்டாச்சு சார். அந்த ஒம்பதாவதுக்குத்தான், பாவம், ஏழு வருஷமா தினம் உங்ககிட்ட வந்து முயற்சி பண்ணிக்கிட்டிருக்காரு!"